விவாகரத்து, தாபரிப்பு, சீதன வீடு: கிழக்கில் எந்தப் பிரச்சினைக்கு எந்த நீதிமன்றம்?

அம்பாறை மாவட்டத்தில் மூன்று தம்பதிகளை எடுத்துக்கொள்வோம். மூவருமே பிரிய முடிவெடுத்துவிட்டார்கள், அதுவும் சண்டை இல்லாமல், இரு பக்கச் சம்மதத்தோடு. அம்பாறை நகரப் பக்கம் கண்டியச் சட்டத்தின்படி மணந்த சிங்களத் தம்பதி, மாவட்டப் பதிவாளரிடம் போய் "எங்கள் இருவருக்கும் சம்மதம்" என்று விண்ணப்பித்தே விவாகரத்துப் பெறலாம். சாய்ந்தமருது முஸ்லிம் தம்பதி காதியிடம் போவார்கள். காரைதீவுத் தமிழ்த் தம்பதிக்கோ இருவரும் ஒத்துக்கொண்டது ஒரு காரணமே ஆகாது. ஒருவர் மற்றவர் மீது வழக்குப் போட்டு, குற்றம் சொல்லி, அதை நிரூபித்தால்தான் மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துக் கொடுக்கும். சாய்ந்தமருதிலிருந்து காரைதீவுக்கு பஸ்ஸில் சில நிமிடம்தான். அதற்குள் சட்டமே மாறிவிடுகிறது.

குழப்பம் இத்தோடு நிற்பதில்லை. "விவாகரத்து எடுத்தால்தான் செலவுக்குக் காசு கேட்கலாம்", "விவாகரத்தோடு வீடும் தானாகப் பிரியும்", "ஏழு வருசம் பிரிந்திருந்தால் விவாகம் தானே ரத்தாகும்" என்று ஊரில் உலாவும் மூன்று பேச்சுமே பிழை. காசு, வீடு, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதைக் காத்திருக்க வைத்து வருடங்களை இழந்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

யாருக்கு எந்தச் சட்டம்

1. தமிழர், இந்துவோ கிறிஸ்தவரோ, மட்டக்களப்புப் பறங்கியர் உட்பட, பொதுச் சட்டத்துக்குள் வருவார்கள். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும், வழக்கு நடத்தும் முறைக்குக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் இவர்களுக்குரியவை. நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம்.

2. கணவன், மனைவி இருவரும் முஸ்லிம்களானால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். விசாரிப்பவர் காதி.

3. கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்த சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம்.

தேசவழமை பற்றிச் சிலர் கேட்பார்கள். அது வடக்குத் தமிழரின் சொத்துரிமை பற்றிய சட்டம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரை அது கட்டுப்படுத்தாது. "தேசவழமைப்படி பாதி எனக்கு" என்று இங்கே ஒருவர் சொன்னால் அவர் யாழ்ப்பாணத்து உறவினரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பதியாத கலியாணம் பற்றி ஒரு வார்த்தை. கோயிலில் தாலி கட்டி, எழுத்து எழுதாமல் வாழ்ந்தவர்களின் திருமணம் அந்த ஒரு காரணத்தால் செல்லாததாகிவிடாது. வழக்கப்படி சடங்கு நடந்ததையும், ஊர் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்றதையும் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். சான்றிதழ் இருந்தால் ஒரு கடதாசியோடு முடிகிற வேலை அது. இல்லாவிட்டால் ஐயரையும் அயலவரையும் கூண்டில் ஏற்ற வேண்டிவரும்.

பொதுச் சட்டம் கேட்பது குற்றத்தை

1907ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றுதான்.

1. திருமணத்துக்குப் பிறகான சோரம், அதாவது வேறொருவருடன் பாலுறவு. இதைக் காரணம் காட்டினால் அந்த மூன்றாம் ஆளையும் வழக்கில் எதிராளியாகச் சேர்க்க வேண்டும். பெயர் ஊருக்குள் வெளிவரும் என்பதாலேயே பல குடும்பங்கள் இந்தக் காரணத்தைத் தொடுவதில்லை.

2. வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல்.

3. திருமண வேளையிலேயே இருந்த, தீர்க்க முடியாத ஆண்மைக்குறைவு அல்லது தாம்பத்திய இயலாமை.

நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் இரண்டாவது காரணத்தில் போய் நிற்கின்றன. அதில் "வன்மத்துடன்" என்ற சொல் முக்கியம். வெறுமனே வீட்டை விட்டுப் போனது போதாது, இல்லற வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு, நியாயமான காரணமில்லாமல் போயிருக்க வேண்டும். கட்டாருக்கு வேலைக்குப் போனவர் மாதாமாதம் காசு அனுப்பி, ஞாயிறு தோறும் பேசுகிறார் என்றால் அது கைவிடல் ஆகாது. காசும் நின்று, தொலைபேசி இலக்கமும் மாறி, வேறொரு பெண்ணோடு இருக்கிறார் என்று படமும் வந்தால் கதை வேறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடித்து, அவமானப்படுத்தி, குடித்துவிட்டு வந்து துரத்தி, மனைவி தாங்க முடியாமல் தாய் வீட்டுக்குப் போகிறாள். வீட்டை விட்டு இறங்கியது அவள்தான், ஆனால் சட்டத்தின் கண்ணில் கைவிட்டவன் அவன். இதை உட்கிடையான கைவிடல் என்பார்கள். கொடுமை என்பது நமது சட்டத்தில் தனிக் காரணமாக இல்லை, அது இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆகவே "நான்தானே வெளியே வந்தேன், எனக்கு வழக்கே இல்லை" என்று ஒரு பெண் முடிவெடுத்துவிடக் கூடாது. வைத்தியசாலைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அன்று இரவு கூட்டிக்கொண்டு போன தம்பியின் சாட்சியம் எல்லாம் இங்கேதான் பயன்படும்.

அப்போ இருவரும் சம்மதித்தால் என்ன நடக்கிறது? ஒருவர் வழக்குப் போடுவார், மற்றவர் எதிர்க்க மாட்டார். தவணைக்கு வராமல் விட்டால் ஒருதலைப்பட்ச விசாரணை நடக்கும். வழக்காளி மட்டும் சாட்சியம் சொல்வார். அது நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருவரும் கூடிப் பேசி ஒரு பொய்க் காரணத்தை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று நீதிபதிக்குப் பட்டால் வழக்கைத் தள்ளிவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. மனம் ஒத்துப் பிரிகிற இரண்டு பேரை, ஒருவர் மீது ஒருவர் சேறு பூசினால்தான் விடுவேன் என்று சொல்லும் சட்டம் இது. கண்டியச் சட்டத்தில் இருக்கிற வசதி பொதுச் சட்டத்துக்கு ஏன் இல்லை என்பதற்கு நல்ல பதில் எதுவும் இல்லை.

ஏழு வருடக் கதை எங்கிருந்து வந்தது? குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு ஆண்டுப் பிரிவு பற்றிய ஒரு வாசகம் உண்டு. அதை வைத்து, பிரிந்திருந்ததே போதும் என்ற வாதம் ஒரு காலம் ஏற்கப்பட்டது. 1986இல் தென்னக்கோன் வழக்கில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று தீர்த்தது. எப்படியானாலும் விவாகம் தானாக ரத்தாவது என்ற ஒன்று கிடையாது.

தீர்ப்பு வந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழித்தே அது முடிவான தீர்ப்பாணையாகும். அந்த இடைவெளியில் இன்னொரு கலியாணம் செய்தால் அது செல்லாது. வெளிநாட்டு மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வருகிறார், நாள் பார்த்தாயிற்று, மண்டபமும் பிடித்தாயிற்று, முடிவான தீர்ப்பாணை மட்டும் இன்னும் வரவில்லை. இந்த நிலைமைக்கு ஆளாகாமல் இருக்க வேண்டுமானால் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "தீர்ப்பு வந்துவிட்டதா" என்பதல்ல, "முடிவான தீர்ப்பாணை வந்துவிட்டதா" என்பது.

காதியிடம் போனால்

முஸ்லிம் சட்டத்தில் விவாகரத்து ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு வேறு விதம்.

1. தலாக்: கணவன் காதிக்கு அறிவிக்கிறார். காதி உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துச் சமாதானம் செய்து பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் தலாக் பதியப்படும். கணவன் காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை.

2. பஸ்ஹ்: மனைவி கேட்பது. கணவனின் குற்றத்தைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும்.

3. குலா: மனைவி எதையாவது, பெரும்பாலும் மஹரை (கணவன் கொடுத்த மணக்கொடையை), திருப்பிக் கொடுத்துக் கணவனின் சம்மதத்தோடு விடுபடுவது. முபாரத் என்பது இருவரும் ஒத்துப் பிரிவது.

காதியின் முன் சட்டத்தரணி ஆஜராக முடியாது. ஏற்றத்தாழ்வு இல்லாத இடத்தில் இது செலவைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு. வாயாடத் தெரிந்த கணவனும் அவன் கூட்டிவந்த நான்கு பேரும் ஒரு பக்கம், பஸ்ஹ் கேட்டு வந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் தாயும் மறு பக்கம் என்றால் நிலைமை வேறு. காதியாக ஆண்களை மட்டுமே நியமிக்க முடியும் என்ற விதியும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. இதையெல்லாம் அடிப்படை உரிமை வழக்கில் கேள்வி கேட்க முடியாதா என்றால், அரசியல் யாப்பின் 16ஆம் உறுப்புரை தடையாக நிற்கிறது. 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. மாற்றம் நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இல்தான் அறிக்கை கையளித்தது என்பதிலிருந்தே வேகத்தை ஊகிக்கலாம்.

காதியின் தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம். மனைவி, பிள்ளைகளின் தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுக்கான காசு), இத்தாக் காலச் செலவு (விவாகரத்துக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலத்துக்கானது), கைக்கூலியை (பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்ததை) திருப்பிக் கேட்பது ஆகியவற்றையும் காதியே விசாரிப்பார். தாபரிப்பைக் கட்டாதவரிடம் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம். ஆனால் பிள்ளை யாரோடு இருப்பது என்ற விடயம் காதியின் அதிகாரத்தில் இல்லை. அதற்கு முஸ்லிம்களும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தாபரிப்புக்கு விவாகரத்து தேவையில்லை

பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் இருக்கிறது. இதற்குப் போக வேண்டிய இடம் நீதவான் நீதிமன்றம். களுவாஞ்சிக்குடியிலோ வாழைச்சேனையிலோ அக்கரைப்பற்றிலோ, வீட்டுக்கு அண்மையில் உள்ளதில் கேட்கலாம். விவாகம் நிலைத்திருக்கும்போதே கேட்கலாம் என்பதுதான் இதன் முக்கியத்துவம்.

1. வசதியிருந்தும் பராமரிக்காத வாழ்க்கைத் துணையிடம், தன்னைத் தானே பராமரிக்க முடியாதவர் கேட்கலாம். சட்டம் மனைவி என்று சொல்லவில்லை, வாழ்க்கைத் துணை என்கிறது. கணவனும் கேட்கலாம்.

2. பிள்ளைகளுக்குக் கேட்கலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு.

3. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரையான, தன்னைப் பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் உண்டு. பல்கலைக்கழகம் போகும் மகளுக்கு இது பெரிய விடயம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயதெல்லை இல்லை.

சோரத்தில் வாழ்பவருக்கும், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்பவருக்கும் துணைக்குரிய தாபரிப்பு கிடைக்காது. இந்த இரண்டாவது விதி பலரை வீழ்த்துகிறது. பொலிஸ் நிலையத்திலோ ஊர்ப் பெரியவர் முன்னிலையிலோ "நாங்கள் இருவரும் மனம் ஒத்துப் பிரிகிறோம்" என்று வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, கையொப்பம் வைப்பார்கள். அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. ஆனால் பின்னால் தாபரிப்புக் கேட்கும்போது எதிர்த் தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் நீட்டுவார். வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். பிள்ளையின் உரிமையை அந்தத் தாள் தொடாது என்பது மட்டும் ஆறுதல்.

கட்டளையிட்ட காசைக் கட்டாவிட்டால் சிறை வரை போகலாம். அரச ஊழியரோ கொம்பனி ஊழியரோ என்றால் சம்பளத்திலேயே வெட்ட வைக்கலாம். கடலுக்குப் போகிறவர், கூலிக்கு வயல் செய்கிறவர் என்றால் வருமானத்தை நிரூபிப்பதே பாதி வழக்கு. படகின் பதிவு, வயல் உறுதி, லீசிங் கட்டும் முச்சக்கர வண்டியின் புத்தகம் போன்றவற்றின் பிரதியைத் தேடி வைத்திருப்பது நல்லது.

வீடு யாருக்கு

கிழக்கில் இது மற்ற மாகாணங்களைப் போல இல்லை. இங்கே மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதே வழக்கம். ஒரு காலத்தில் மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்ற தாய்வழி உரிமை முறையை நீதிமன்றங்களே ஏற்றிருந்தன. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அதற்கு நீதிமன்றத்தில் இடமில்லாமல் போனது. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. அதனால்தான் இங்கே பிரிவு என்றால் பெரும்பாலும் வீட்டை விட்டுப் போவது ஆண்.

இன்றைய பொதுச் சட்டப்படி கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து என்ற ஒன்று கிடையாது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு மனைவியின் சொத்து மனைவியுடையது, அதை விற்கக் கணவனின் சம்மதமும் தேவையில்லை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: உறுதி யார் பெயரில்? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதற்கு நான்கு விதமான பதில்கள் வரும்.

1. மகளின் பெயரில் சீதன உறுதி அல்லது நன்கொடை உறுதி இருக்கிறது. வீடு அவளுடையது. மேல்மாடி கட்ட மாப்பிள்ளை சவூதிக் காசு போட்டிருந்தால், அவர் செலவிட்டதற்கு ஈடு கேட்டு வாதாடலாம், வீட்டைக் கேட்க முடியாது. காசு அனுப்பிய வங்கித் துண்டு இல்லாமல் அந்த வாதமும் பலமாக இராது.

2. "மகளுக்குத்தான் கொடுத்தோம்" என்று வாயால் சொன்னது மட்டும்தான், உறுதி இன்னும் தகப்பனின் பெயரில். அப்படியானால் வீடு தகப்பனுடையது. மருமகனுக்கு அதில் ஒன்றுமில்லை, மகளுக்கும் இல்லை. தகப்பன் எழுதாமல் இறந்துவிட்டால் சகோதரர்களும் பங்குக்கு வருவார்கள்.

3. இருவர் பெயரிலும் எழுதியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டதால் பெற்றோர் ஒப்புக்கொண்டிருப்பார்கள். இப்போது பாதி அவருடையது. பெற்றோர் நொத்தாரிசிடம் போய் "அந்த உறுதியை வெட்டுங்கள்" என்றால் நடக்காது. மீளப்பெறமுடியாத நன்கொடையை, பெற்றவரின் கடுமையான நன்றிகெட்ட செயலைக் காரணம் காட்டி ரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. அதற்கும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வேண்டும். இல்லாவிட்டால் பங்குகளைப் பிரித்துத் தரக் கேட்கும் பிரிவினை வழக்கு, அல்லது பேசித் தீர்த்து அவர் பங்கை வாங்குவது.

4. உறுதியே இல்லை, பிரதேச செயலகம் கொடுத்த அனுமதிப் பத்திரக் காணி. பத்திரத்தில் பெயருள்ளவருக்கே உரிமை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில், பெண்ணின் சீதனக் காணி கடலோரத்தில் போய், மாற்று வீடு "குடும்பத் தலைவர்" என்று கணவனின் பெயரில் பதியப்பட்ட கதைகள் உண்டு. பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன. அப்படியொரு வீட்டில் இருக்கும் பெண், பிரச்சினை முற்ற முன்னரே பிரதேச செயலகத்தில் தன் கோவையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த நான்குக்கும் மேலே ஒரு விதிவிலக்கு உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வழங்கும்போது, ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ சொத்தை எழுதிக் கொடுக்கவும், மொத்தத் தொகையாகவோ மாதாமாதமாகவோ காசு கட்டவும் மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம். கேட்காமல் கிடைக்காது. வழக்கைத் தாக்கல் செய்யும்போதே அந்தப் பரிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளை

பொதுச் சட்டத்தில் விவாகம் நிலைத்திருக்கும்வரை தகப்பனுக்கு முன்னுரிமை என்பது பழைய ரோமன் டச்சுச் சட்டத்தின் நிலைப்பாடு. இன்று நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. தாய் குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற குடும்பங்களில் சிக்கல் வரும். தகப்பன் ஒருநாள் பாடசாலை வாசலில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மம்மாவின் கையில் எந்தக் கட்டளையும் இருக்காது. வெளிநாடு போகும் முன்பே பாதுகாவல் பற்றி நீதிமன்றக் கட்டளை ஒன்று பெற்றுவைத்தால் இந்தத் தலையிடி இல்லை.

அடி விழுந்தால்

இதற்கு மட்டும் மதம், இனம் பார்க்காத சட்டம் ஒன்று இருக்கிறது: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர் கேட்கலாம், அவருக்காகப் பொலிசாரும் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை. வீடு அடித்தவரின் பெயரில் இருந்தாலும் அவரை உள்ளே வரக்கூடாது என்று நீதவான் தடுக்கலாம். விவாகரத்துக் கேட்க விருப்பமில்லாத பெண்ணும் இதைக் கேட்கலாம். உடனடி உதவிக்குப் பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கான 1929 ஆகிய இலக்கங்கள் உண்டு.

மதம் மாறி இரண்டாம் திருமணம்

அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பொதுச் சட்டத்தின் கீழ் மணந்த ஒருவர், அந்த விவாகம் நீங்காமல் இஸ்லாத்துக்கு மாறி இரண்டாவது நிக்காஹ் செய்தால் செல்லுமா? 1997இல் அபேசுந்தர வழக்கில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது. மதம் மாறுவது அவர் உரிமை, முதல் விவாகத்தின் கடமை அதனால் போகாது. இருதார மணக் குற்றத்துக்கும் ஆளாவார்.

சட்டத்தரணியிடம் போகும்போது

காசில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து சட்டத்தரணியைத் தருவார்கள், ஆகவே கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று கையில் இருக்கட்டும். அதோடு ஒரு கோவையில் இவை: விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உறுதி அல்லது அனுமதிப் பத்திரத்தின் பிரதி, முறைப்பாட்டுப் பிரதிகள், வைத்தியசாலைத் துண்டுகள், காசு வந்த வங்கிப் புத்தகம், எதிராளி இப்போது இருக்கும் சரியான முகவரி.

கடைசியில் சொன்னதைத்தான் பலர் கொண்டுவருவதில்லை. அழைப்பாணை கையில் சேராவிட்டால் வழக்கு இலகுவில் நகராது. "கொழும்பில எங்கயோ நிக்கிறார்" என்ற முகவரிக்கு, அழைப்பாணை கொண்டுபோகும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் போக முடியாது, தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். உறுதி தொலைந்துவிட்டால் பயப்பட வேண்டாம், காணிப் பதிவகத்தில் இலக்கம் தேடிப் பிரதி எடுக்கலாம். புருசன் இருக்கும் முகவரியை எந்தப் பதிவகத்திலும் எடுக்க முடியாது, அதை மச்சாளிடமோ அவரோடு வேலை செய்பவரிடமோ கேட்டு, வீட்டு இலக்கத்தோடு எழுதிக்கொண்டு போக வேண்டும்.